எந்தப் புள்ளி யாருடையது?



முதலில் ஒரு சின்னப் பரீட்சை. ஒரு கையேட்டில் வரும் வாக்கியத்தை வாசிக்கிறேன்: “எல்லா மாற்றங்களையும் சேர்க்க நீங்கள் கொடுக்க வேண்டிய கட்டளை, கிட் ஆட் புள்ளி.” அந்தக் கடைசிப் புள்ளி யாருடையது? வாக்கியம் முடிந்தது என்று எழுதியவர் வைத்ததா, கட்டளையின் உறுப்பா?

கிட் மென்பொருள் பழகிய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அது கட்டளையின் உறுப்புதான். புள்ளி என்றால் “நான் இப்போது நிற்கும் அடைவு”, அதாவது கோப்புறை, என்று பொருள். அதை விட்டுவிட்டால் கிட் எதையும் சேர்க்காது. சரி, அப்படியானால் வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி எங்கே? நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் மெய்ப்புப் பார்த்த பெரியவருக்கும் இதே சந்தேகம் வந்தது. இலக்கணம் கெடக்கூடாது என்று இன்னொரு புள்ளியைச் சேர்த்துவிட்டார். இரண்டு புள்ளி சேர்ந்தால் “இதற்கு மேலே உள்ள அடைவு” என்று பொருள். ஓர் அறையைக் கூட்டச் சொன்ன இடத்தில் வீட்டையே கூட்டச் சொன்ன கதை. அவர் மேல் குற்றமில்லை. கட்டளை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும்படி நான் எழுதிக் கொடுக்கவில்லை.

மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது என் பிழைப்பு. என் தாத்தா இந்தக் கரையில் தோணித் தண்டல். “நீ என்னலே வேலை பாக்குற?” என்று அவர் கேட்டபோது, “கம்ப்யூட்டருக்கு எப்படிக் கட்டளை போடணும்னு மத்தவங்களுக்கு எழுதிக் குடுக்குறேன் தாத்தா” என்றேன். “கட்டளை போடுறதுக்குக்கூட எழுதிக் குடுக்கணுமாக்கும்” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கப் போய்விட்டார். அவருக்கு அன்று சொல்ல முடியாத பதிலைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் பார்க்கிறேன்.

கணினியின் கறுப்புத் திரையைப் பார்த்திருப்பீர்கள். முனையம் என்கிறோம். அங்கே பொத்தான் இல்லை, படம் இல்லை. நீங்கள் ஒரு வரி அடிக்கிறீர்கள், கணினி சில வரிகள் பதில் சொல்கிறது. இதை அப்படியே கையேட்டில் அச்சிடும்போது ஒரே பெட்டிக்குள் மூன்று குரல்கள் வந்து சேர்கின்றன. ஒன்று, நீங்கள் எழுத்துப் பிசகாமல் அடிக்க வேண்டியது. இரண்டாவது, கணினி தானாகச் சொல்வது: டாலர் குறியோடு காத்திருக்கும் ப்ராம்ப்ட், கட்டளை ஓடியபின் வரும் பதில். மூன்றாவது, நான் மாதிரிக்காகப் போட்டிருப்பதும் நீங்கள் உங்கள் சங்கதியை வைத்து மாற்ற வேண்டியதுமான சொல். அலுவலகத்தில் பிளேஸ்ஹோல்டர் என்போம். இன்றைக்குப் பதிலி என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று குரலுக்கும் ஒரே எழுத்து, ஒரே அளவு. வாசிப்பவர் எப்படிப் பிரிப்பார்?

அனுபவசாலி பிரித்துவிடுவார். ஆனால் அனுபவசாலி கையேட்டைத் திறப்பதே இல்லை. திறப்பவர் ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்திருக்கும் புதுப் பையன்.

அப்படி ஒரு பையனை நான் மாட்டிவிட்டிருக்கிறேன். சரக்குக் கணக்கு வைக்கும் ஓர் அலுவலகத்துக்குக் காப்புப்படி எடுக்கும் முறையை எழுதிக் கொடுத்தேன். கட்டளையும் பதிலும் ஒரே பெட்டியில் இருந்தன. பையன் பதில் வரிகளையும் சேர்த்தே அடித்திருக்கிறான். அதனால் மோசமில்லை, “அப்படி ஒரு கட்டளை இல்லை” என்று கணினி திட்டியதோடு போயிற்று. அடுத்த பக்கத்தில்தான் வினை. மாதிரி முகவரி வேண்டுமே என்று, அன்றைக்கு என் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்த நிஜக் கணினியின் முகவரியையே போட்டிருந்தேன். அவன் அதை மாற்றவில்லை. ஏன் மாற்ற வேண்டும்? மாற்று என்று நான் எங்கே சொன்னேன்? பழைய கோப்புகள் போய்ப் புதிய கோப்புகளின் மேல் உட்கார்ந்துகொண்டன. விடிந்ததும் எல்லோரும் அவனைத்தான் கேட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இதற்கு உலகம் ஏற்கெனவே வழி செய்து வைத்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. 1999இல் இணையத்தின் நெறிகளை வகுப்பவர்கள் ‘எக்ஸாம்பிள் டாட் காம்’ போன்ற பெயர்களை உதாரணங்களுக்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். 2010இல் மூன்று எண் முகவரித் தொகுதிகளை ஆவணங்களுக்கென்றே தனியாக எடுத்துவைத்தார்கள். 192.0.2 என்று தொடங்குவது அதில் ஒன்று. அந்த முகவரியில் எந்தக் கணினியும் இருக்கக்கூடாது என்பது ஏற்பாடு. மறந்துபோய் அப்படியே அடித்தாலும் எந்த வீட்டுக் கதவும் திறக்காது.

இனி இந்த ஊருக்கு வருகிறேன். முத்துக்குளித்துறையில் நின்றுகொண்டு இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஒரே வரியில் இரண்டு குரலை எப்படிப் பிரித்துக் காட்டுவது என்ற சிக்கலில் தமிழ் அச்சு முதன்முதலாக மாட்டிக்கொண்டதே இந்தக் கரையின் பொருட்டுத்தான்.

1554இல் லிஸ்பனில் ஒரு சிறு நூல் அச்சானது. கார்த்தில்யா என்பார்கள். இந்தக் கடற்கரை மக்களுக்கான கிறித்தவ மந்திரங்கள். மொழி தமிழ், எழுத்து ரோமன். ஏனென்றால் தமிழுக்கு அன்று அச்செழுத்தே கிடையாது. அதில் தமிழ் வரியின் தலைமேல், சொல்லுக்குச் சொல், போர்த்துகீசியப் பொருளைச் சிறிய எழுத்தில் வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள்: இரண்டு மொழிக்கும் ஒரே லிபி. எது வாய்விட்டுச் சொல்ல வேண்டியது, எது பொருள் விளங்குவதற்காக மட்டும் இருப்பது? எழுத்தின் அளவும், இருக்கும் இடமும்தான் அதைச் சொல்கின்றன. கட்டளைப் பெட்டியில் எனக்கு இருக்கும் அதே தொல்லை, நானூற்றெழுபது வருடம் முன்பு.

அடுத்து அண்டிரிக் அடிகள். போர்த்துகல்லிலிருந்து வந்தவர். வாழ்நாளில் பெரும்பகுதியைப் புன்னைக்காயலில் கழித்தவர். 1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்று தன் சொந்த எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகம். அதன் கடைசிப் பக்கம் எனக்கு மிகவும் பிடித்தது: முந்திய வருடம் கோவாவில் வார்த்த எழுத்துகளையும், கொல்லத்தில் வார்த்த எழுத்துகளையும் மாதிரிக்கு அடுக்கிக் காட்டியிருக்கிறார்கள். “எங்கள் எழுத்து இப்படித்தான் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்” என்று. இன்று நல்ல கையேடுகளில் “இந்நூலில் கையாளும் குறிகள்” என்று ஒரு பக்கம் இருக்கிறதே, அதற்கு இது மூத்தது. அடுத்த வருடம் கொச்சியிலிருந்து ‘கிரீசித்தியானி வணக்கம்’ வந்தது. 1586இல் ‘அடியார் வரலாறு’; அது நமக்குத் தெற்கே, தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலிலேயே அச்சானதாக அறிஞர்கள் கொள்கிறார்கள்.

இந்த நூல்களில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ஓலைச்சுவடி வழக்கம் அப்படியே அச்சுக்கு வந்துவிட்டது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும், அதனால் விட்டார்கள் என்பார்கள். காரணம் எதுவானாலும் விளைவு நமக்குத் தெரியும். ‘கல்’ என்பதும் ‘கல’ என்பதும் ஒன்றுபோல் நிற்கும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. தென்னா தேனா என்று வாசிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். காலும் ரகரமும் ஒரே உருவம். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இல்லை. படித்த புலவர் இடம் பார்த்து, சந்தம் பார்த்துப் பிரித்துக்கொள்வார். அனுபவசாலி பிரித்துவிடுவார் என்று சற்று முன் சொன்னேனே, அவர்தான் இவர்.

வெளியிலிருந்து வந்து முட்டிமோதித் தமிழ் கற்றவருக்குத்தான் இந்த வலி தெரிந்தது. இதே மாவட்டத்துக் காமநாயக்கன்பட்டியில் இருந்த வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒற்றைக் கொம்பின் மேலே ஒரு சுழி சுழித்தார். நெடில் தனியாகத் தெரிந்தது. அவ்வளவுதான் வேலை. இன்று ‘தேன்’ என்று எழுதும்போது யாரும் ஊகிப்பதில்லை.

இந்த இடத்தில் என் துறைக்காரர்கள் ஒரு தவறு செய்வார்கள். “ஆகா, அப்படியென்றால் மிகச் சிறந்த குறி எது என்று கண்டுபிடிப்போம்” என்று கிளம்புவார்கள். தடித்த எழுத்தா, அடிக்கோடா, கோண அடைப்பா என்று வாரக்கணக்கில் வாதம் நடக்கும். எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. காரணம் சொல்கிறேன்.

யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. தாம்சனும் ரிச்சியும் எழுதியது. அதன் முன்னுரையில் குறிகளை விளக்கியிருக்கிறார்கள். அடிக்கோடிட்ட சொல்லை அப்படியே அடிக்க வேண்டும். சதுர அடைப்புக்குள் இருப்பது விருப்பம்போல். மூன்று புள்ளி இருந்தால் திரும்பத் திரும்ப வரலாம். சதுர அடைப்பும் மூன்று புள்ளியும் இன்றுவரை அப்படியே இருக்கின்றன. அடிக்கோடு மட்டும் கட்சி மாறிவிட்டது. இன்று லினக்ஸ் முனையத்தில் ‘மேன்’ என்று அடித்து ஒரு கையேட்டுப் பக்கத்தைத் திறந்தால் தடித்த எழுத்தில் இருப்பதை அப்படியே அடிக்க வேண்டும். அடிக்கோடிட்டிருப்பது நீங்கள் மாற்ற வேண்டியது. அதே கோடு, நேர் எதிர்ப் பொருள். இரண்டுமே நன்றாகத்தான் வேலை செய்தன, அந்தந்தக் கையேட்டுக்குள் பிசகாமல் இருந்ததால்.

துறைமுகத்துக்காரர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு இது புதிதாக இராது. சுக்கானிக்கு “ஸ்டார்போர்டு” என்று கட்டளையிட்டால் கப்பலின் மூக்கு வலப்பக்கம் திரும்புகிறது. ஆனால் 1933க்கு முன்னால் பிரிட்டிஷ் கப்பலில் அதே கட்டளைக்குக் கப்பல் இடப்பக்கம் திரும்பும். சுக்கானின் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளு என்று பழங்காலத்தில் அதற்குப் பொருள். சக்கரம் வந்தபிறகும் சொல் மாறவில்லை. பிறகு எல்லா நாட்டுக்கும் ஒரே பொருள் என்று மாற்றினார்கள். அப்போது நம் ஊருக்கு வந்த பெரிய கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும், சரக்கைத் தோணிதான் கரைசேர்க்கும். ஒரே நங்கூரத்துறையில் பழைய பொருளில் பழகியவனும் புதிய பொருளில் பழகியவனும் பக்கத்துப் பக்கத்தில் நின்ற நாட்களை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

கடல்காரர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இன்னொன்று. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் கப்பல்களுக்கென்று நிலையான சொற்றொடர்களை ஏற்றுக்கொண்டது. வானொலியில் பேசும்போது செய்திக்கு முன்னால் அதன் இனத்தைச் சொல்லிவிடலாம்: இது அறிவுறுத்தல், இது ஆலோசனை, இது எச்சரிக்கை, இது தகவல், இது கேள்வி, இது பதில், இது வேண்டுகோள், இது என் உத்தேசம். மொத்தம் எட்டு. “வேகத்தைக் குறை” என்று மட்டும் சொன்னால் அது உத்தரவா யோசனையா என்று எதிர்முனையில் இருப்பவர் ஊகிக்க வேண்டும். முன்சொல் ஒன்று இருந்தால் வேண்டாம். அதோடு சுக்கானி தனக்கு வந்த கட்டளையைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. கணினி நம்மிடம் அப்படித் திருப்பிச் சொல்வதில்லை. அடித்து என்டர் தட்டினால் செய்துவிடும். ஆகையால் பிரித்துக் காட்டும் பாரம் முழுவதும் தாளின் மேல் விழுகிறது.

சங்குகுளிக்கப் போனவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இங்கே இருப்பீர்கள். அந்தக் காலத்து முத்துக்குளிப்பில் காலில் கல்லோடு இறங்குபவருக்குக் கீழே இருக்கக் கிடைப்பது ஒரு நிமிடம், கொஞ்சம் முன்பின். மேலே கயிறு பிடித்திருப்பவருக்கு அவர் முகம் தெரியாது, குரல் கேட்காது. கயிற்றின் ஒரு சுண்டல்தான் மொழி. அதனால்தான் பெரும்பாலும் கயிறு பிடிக்க மைத்துனனை வைத்துக்கொள்வார்கள் என்று இந்தக் கரையில் ஒரு பேச்சு உண்டு. தங்கை தாலி அவன் கையில் இருக்கிறதாம். (சிரிப்பு) வேடிக்கை இருக்கட்டும், அங்கே சுண்டலுக்கு இன்றைக்கு ஒரு பொருள், நாளைக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொள்ள முடியுமா?

இப்போது தமிழில் கையேடு எழுதுகிறவர்களுக்கு. கணியம் போன்ற முயற்சிகளால் தமிழில் லினக்ஸ் கற்பிக்கும் எழுத்து பெருகிவருகிறது. ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு இல்லாத சில தொல்லைகள் நமக்கு உண்டு, அவற்றை யாரும் உட்கார்ந்து பேசவில்லை.

முதலாவது வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் கட்டளையின் பெயர் வாக்கியத்தில் எங்கே வந்தாலும் உருவம் மாறாது. நாம் என்ன செய்கிறோம்? கட்டளையை ரோமன் எழுத்தில் எழுதி, ஒரு சிறு கோடு போட்டு, ‘ஐ’ ஒட்டுகிறோம், ‘ஆல்’ ஒட்டுகிறோம், ‘இல்’ ஒட்டுகிறோம். முனையத்தில் சிறு கோட்டுக்குத் தனிப் பொருள் உண்டு; கட்டளைக்குப் பின்னால் வரும் விருப்பத்தேர்வுகள் அந்தக் கோட்டில்தான் தொடங்குகின்றன. புதிதாகக் கற்பவர் அதையும் கட்டளை என்று எண்ணினால் அவரைக் குறைசொல்ல முடியாது. நான் இப்போதெல்லாம் கட்டளையோடு எதையும் ஒட்டுவதில்லை. “என்ற கட்டளையை”, “என்ற கட்டளையால்” என்று நீட்டி எழுதுகிறேன். நடை கொஞ்சம் நொண்டும், நொண்டட்டும்.

இரண்டாவது, நமக்குச் சாய்வெழுத்து இல்லை. கணினியில் தமிழைச் சாய்க்கலாம். சாய்த்தால் புயலில் சிக்கிய பனைமரம்போல் இருக்கும். பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற வேறுபாடும் இல்லை. பதிலிகளைச் சாய்வெழுத்தில் போடு, எல்லாம் பெரிய எழுத்தாகப் போடு என்று ஆங்கில நடைக்கையேடுகள் சொல்லும் இரண்டு வழியும் நமக்கு அடைப்பு. எனவே நம்மவர்கள் கோண அடைப்புக்குப் போகிறார்கள். அங்கேதான் குழி. முனையத்துக்குக் கோண அடைப்பு வெறும் அலங்காரமில்லை. இடது கோணம் என்றால் இந்தக் கோப்பிலிருந்து வாசி, வலது கோணம் என்றால் இந்தக் கோப்பில் எழுது. ‘சார்ட்’ என்ற கட்டளைக்குப்பின் கோண அடைப்புக்குள் ‘பட்டியல்’, அதற்குப்பின் அடைப்பில்லாமல் ‘விலை’ என்று நான் எழுதுகிறேன் என வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் அடைப்போடு அடித்துவிடுகிறார். அவரிடம் ‘பட்டியல்’ என்ற பெயரில் நிஜமாகவே ஒரு கோப்பு இருந்தால், கணினி அதை வாசித்து, வரிசைப்படுத்தி, ‘விலை’ கோப்பில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு அதன்மேல் எழுதிவைக்கும். கேள்வி கேட்காது.

அப்படியானால் நம்மிடம் என்ன இருக்கிறது? இரண்டு லிபி இருக்கிறது. கட்டளை ரோமனில் இருக்கட்டும், மாற்ற வேண்டிய பதிலியைத் தமிழில் எழுதுங்கள். ரோமன் எழுத்து வரிசையின் நடுவே ‘கோப்பின்பெயர்’ என்று தமிழில் நின்றால் கண் தானாகவே அங்கே போய் நிற்கும். கார்த்தில்யாக்காரர்களுக்கு வாய்க்காத வசதி இது. அவர்கள் இரண்டு மொழியையும் ஒரே லிபியில் அடைக்க வேண்டியிருந்தது. இதில் ஓட்டை இல்லாமலில்லை. லினக்ஸ் தமிழ்ப் பெயரையும் ஏற்றுக்கொள்ளும், ஆகவே மாற்றாமல் அடித்தால் ‘கோப்பின்பெயர்’ என்றே ஒரு கோப்பு பிறந்தாலும் பிறக்கும். அந்த அனாதைக் கோப்பை அழித்துவிடலாம். அழிந்த விலைப்பட்டியலைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

நான் இங்கே மேடையில் கட்டளைகளையெல்லாம் வாயால் சொன்னேன். இந்தப் பேச்சு அச்சாகும்போது அவை தமிழ் எழுத்திலேயே வரப்போகின்றன. கார்த்தில்யாவைத் தலைகீழாகப் பிடித்ததுபோல. என் விதியை நானே மீறுகிறேன் என்று கடிதம் எழுதவேண்டாம். பேச்சைப் பார்த்து யாரும் முனையத்தில் அடிக்கப்போவதில்லை என்ற தைரியம்தான்.

இடைவெளியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஓலையில் இடைவெளி இல்லாவிட்டால் பொருள் மயங்கும். முனையத்தில் வேண்டாத இடத்தில் இடைவெளி இருந்தாலே ஊர் எரியும். 2011இல் ‘பம்பிள்பீ’ என்ற லினக்ஸ் மென்பொருளின் நிறுவல் நிரலில், நீக்க வேண்டிய ஓர் ஆழமான அடைவின் பாதையில் ‘யூஎஸ்ஆர்’ என்பதற்குப்பின் ஓர் இடைவெளி தவறி விழுந்துவிட்டது. ஒரு பாதை இரண்டாக உடைந்தது. நிரல் ‘யூஎஸ்ஆர்’ அடைவையே முழுதாக நீக்கப் போயிற்று. கணினியின் பெரும்பாலான மென்பொருள்கள் குடியிருக்கும் இடம் அது. இது நிரலில் நடந்தது. கையேட்டில் வரி நீளம் போதாமல் கணினி அச்சுக்காரர் ஒரு பாதையை மடித்தாலும் இதே கதைதான். நீளமான கட்டளையை மடிக்க வரி முடிவில் பின்சாய்கோடு போடலாம். ஆனால் அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டியிருந்தால் மடிப்பு செல்லாது, பாதிக் கட்டளை ஓடிவிடும். சொற்செயலிகள் தங்கள் பங்குக்கு இரட்டைக் கோட்டை ஒரே நீளக் கோடாக மாற்றும், நேர் மேற்கோளை வளைத்துவிடும். அழகுக்காகச் செய்கின்றன. கட்டளைகளைச் சொற்செயலியில் எழுதாதீர்கள் என்று எங்கள் குழுவில் எழுதி ஒட்டியிருக்கிறோம். அதை அச்சடித்ததும் சொற்செயலியில்தான்.

கடைசியாக டாலர் குறி. எங்களுக்குள் தீராத சண்டை இது. கட்டளைக்கு முன்னால் டாலர் போட்டால் சாதாரணப் பயனர், எண் குறி போட்டால் நிர்வாகி என்று காட்டலாம், நெடுநாள் வழக்கம். ஆனால் இப்போது யாரும் பார்த்து அடிப்பதில்லை, நகலெடுத்து ஒட்டுகிறார்கள். டாலரோடு ஒட்டினால் கணினி திட்டும். எண் குறியோடு ஒட்டினால் ஒன்றுமே நடக்காது. அந்தக் குறியில் தொடங்கும் வரியைக் குறிப்பு என்று எடுத்துக்கொண்டு தாண்டிவிடும். ஒட்டியவர் வேலை முடிந்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடுவார். திட்டுகிற டாலரைவிட இது மோசம். அதனால் நான் டாலரையும் எண் குறியையும் தூக்கிவிட்டேன். அடிக்க வேண்டியதற்கு ஒரு பெட்டி, பதிலுக்குக் கீழே தனியாக வேறொரு பெட்டி. நிர்வாகியாக இருக்க வேண்டுமென்றால் மேலே வாக்கியமாகவே எழுதிவிடுகிறேன்.

என் குழுவில் இருக்கும் தம்பி ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. “அண்ணாச்சி, டாலரைப் பாத்தாத்தான் அது முனையத்துல அடிக்கிறதுன்னே பயலுவளுக்குத் தெரியும். நீங்க பாட்டுக்குத் தூக்கிட்டா, நிரலா கட்டளையான்னு எவன் கண்டான்?” என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு வருடமாக நடக்கிறது இந்த வழக்கு. தீர்ப்பாகும்வரை எங்கள் கையேடு முழுக்க ஒரே முறைதான், என் முறை; சம்பளம் கொஞ்சம் கூட வாங்குகிறவன் என்ற ஒரே தகுதியில். அவர் இன்று அந்தக் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். தேநீர் வந்துவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். டாலர் கட்சிக்காரர்கள் அவரிடம் போகலாம், மற்றவர்கள் என்னிடம் வரலாம்.